பயமா, பேரமா, பிறப்பா, ஆறுதலா? தீய தெய்வங்களை யார் கும்பிடுகிறார்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் கற்பனை ஆட்டத்தில் நான் முதன்முதலாக நடத்திய நீண்ட கேம்பெயினில் (பல அமர்வுகளாக நீளும் ஒரே கதையில்), ஒரு கிராமத்தையே கொளுத்திவிட்டு வந்த பூசாரியை விளையாட்டாளர்கள் உயிரோடு பிடித்தார்கள். அவர்களில் ஒருத்தி அவனிடம் கேட்டாள்: “செத்தால் எங்கே போவாய் என்று உனக்கே தெரியும். அப்புறம் எதற்கு இந்தத் தெய்வம்?” என்னிடம் பதில் இல்லை. பூசாரியைச் சத்தமாகச் சிரிக்க வைத்துச் சமாளித்தேன். அது இன்னும் உறுத்துகிறது. அவள் கேட்டது அவ்வளவு நியாயமான கேள்வி.

1974-இல் இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது முதல், இவற்றின் கற்பனை உலகங்கள் பெரும்பாலானவற்றில் கடவுள் உண்டா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. கிளெரிக் என்ற பூசாரிக் கதாபாத்திரம் கை வைத்தால் காயம் ஆறுகிறது, செத்தவர் எழுந்து வருகிறார். ஒன்பது நரகங்களில் விழும் ஆன்மா லெமூர் என்ற உருவமற்ற சதைப்பிண்டமாகிறது என்பதும் ரகசியமில்லை. ஆகவே ‘தெரியாமல் கும்பிடுகிறார்கள்’ என்ற பதில் செல்லாது. ‘பைத்தியக்காரர்கள்’ என்பதும் செல்லாது. ஒரு வெறியன் இருக்கலாம், கோயில் முழுக்க வெறியர்களாக இருக்க முடியாது. யாராவது கூரையைச் சரிபார்க்க வேண்டும், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். மிச்சம் நான்கு பதில்கள். எது அந்தப் பெண்ணின் கேள்விக்கு முன் நிற்கும், எது மேசையில் உண்மையான ஆட்டத்தைத் தரும் என்ற இரண்டையும் வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் பயம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஓர் உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் கடலுக்கு அதிபதி அம்பர்லி. கருணையே இல்லாதவள். கப்பல் கிளம்பும்போது கேப்டன் விளிம்பில் நின்று ஒரு நல்ல ரத்தினக்கல்லைத் தண்ணீரில் போடுகிறான். அவனுக்கு அவள்மேல் துளிகூட அன்பு கிடையாது, எதையும் கொடு என்றும் கேட்கவில்லை. இந்த ஒரு பயணம் என்னை விட்டுவிடு, அவ்வளவுதான். பனிக்கு ஆரில், புயலுக்கு டாலோஸ், நோய்க்கு டலோனா என்று எல்லோருக்கும் இதே கணக்கு. எபெரான் என்ற இன்னொரு உலகில், டார்க் சிக்ஸ் என்ற ஆறு தெய்வங்களில் ஒருவரான டிவவரருக்கும் கடலோடிகள் இப்படித்தான் காணிக்கை போடுகிறார்கள்.

செத்த பிறகு என்ன என்ற கேள்வி இவர்களைத் தொடவே தொடாது, ஏனென்றால் ஆன்மாவை இவர்கள் யாரும் அந்தத் தெய்வத்திடம் ஒப்படைக்கவில்லை. பல தெய்வங்கள் உள்ள உலகில் ஒரே ஆள் ஒரே நாளில் மூவருக்கு நேர்ந்துகொள்வான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். உலகத்துக்கு உயிர் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் வில்லன் வேண்டுமென்றால் பயம் உதவாது. ரத்தினக்கல் போடுகிறவன் கிராமத்தைக் கொளுத்த மாட்டான்.

அடுத்தது பேரம். பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் உலகமான கோலாரியனில் இதற்குச் சரியான உதாரணம் ஷெலியாக்ஸ் பேரரசு. ஆரோடன் என்ற தெய்வம் இறந்ததும் பேரரசு உள்நாட்டுப் போரில் சிதறியது. த்ரூன் குடும்பம் நரகத்தோடு ஒப்பந்தம் போட்டு அரியணை ஏறியது, நரகத்தின் அதிபதியான அஸ்மோடியஸின் வழிபாடு அரசாங்க மதமானது. பல ஆண்டுக் குழப்பத்துக்குப் பிறகு சட்டமும் ஒழுங்கும் வந்தது, அது சாதாரண மக்களுக்கும் லாபம்தான். எனக்குப் பிடித்தது இந்த அரசியல் பக்கம் மட்டுமே. தனிமனிதன் சக்திக்காக ஆன்மாவை விற்கிற கதையில் அந்தப் பெண்ணின் கேள்வி நேராக வந்து இடிக்கிறது. லெமூராகி அப்புறம் படிப்படியாகப் பிசாசாக உயரலாம் என்பது நம்பிக்கைதான், ஆனால் ‘நான் மட்டும் தப்பிப்பேன்’ என்று நினைக்கிற ஒருவனுக்கே அது போதும். அவன் ஒப்பந்தத்தால் மந்திரசக்தி பெறும் வார்லாக்காகலாம். அவனை வைத்து ஒரு கோயில் கட்ட முடியாது.

பிறப்பு என்ற பதிலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் நிலத்தடி நகரமான மென்சோபெரான்சனில் பிறந்த டிரோவுக்கு (கரிய எல்ஃபுக்கு) சிலந்தித் தெய்வமான லோல்த்தைத் தவிர வேறு தெய்வத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. ஒரு குடும்பத்தின் மூன்றாவது ஆண்பிள்ளையை அவளுக்குப் பலியிடுவது அங்கே வழக்கம். அங்கே பிறந்த நாவல் நாயகன் டிரிஸ்ட் பிழைத்ததே, அவன் பிறந்த இரவில் மூத்த அண்ணன் கொலையாகி இவன் இரண்டாமவன் ஆனதால்தான். கதைக்கு இது பிரமாதம். ஆனால் முதல் ஆள் ஏன் கும்பிட்டான் என்ற கேள்வியை இது பின்னால் தள்ளுகிறதே தவிர, பதில் சொல்வதில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது நான்காவது: நல்ல தெய்வம் வராத நேரத்தில் தீய தெய்வம் வந்தது. வார்ஹாமர் என்ற ஆட்டத்தில் நோயின் தெய்வமான நர்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் அழுகி, எந்தப் பிரார்த்தனைக்கும் பதில் வராமல் கிடக்கிறவனை அவர் ஏற்றுக்கொள்கிறார். நோய் போகாது, வலி போய்விடும். பக்தர்கள் அவரைப் பாசமாகத் தாத்தா என்கிறார்கள், அந்தப் பாசம் பொய்யும் இல்லை. கோலாரியனின் நிடால் நாட்டுக் கதை இன்னும் கொடுமை. வானத்திலிருந்து விழுந்த பேரழிவால் உலகம் இருண்டபோது, அங்கிருந்த நாடோடிகளின் தலைவர்கள் காப்பாற்றச் சொல்லிக் கதறினார்கள். பதில் கொடுத்தது வலியின் தெய்வமான ஸான்-குத்தான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று கையை நீட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அந்த நாடு அவருடையது. பயம், பேரம், பிறப்பு மூன்றும் இதற்குள்ளேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். ஆனால் தொடக்கம் ஆறுதல்தான்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு முன் நிமிர்ந்து நிற்பதும் இது ஒன்றுதான். செத்த பிறகு என்ன நடக்கும் என்பது நாளைய கவலை. இன்றைய இரவைக் கடக்க முடியாதவனிடம் அதைப் பேசிப் பயனில்லை.

சில வருடம் கழித்து அதே குழுவுக்கு ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் ஒரு கேம்பெயின் நடத்தினேன். இம்முறை தெய்வம் ஷார்: இருளுக்கும் இழப்புக்கும் மறதிக்கும் உரியவள், நிலவுத் தெய்வமான செலூனேயின் இரட்டைச் சகோதரி. ஷாரின் பூசாரியைப் பிடித்தார்கள், நடுத்தர வயதுப் பெண். அதே கேள்வி வந்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. தன் குழந்தை இறந்த வாரத்தைப் பற்றிச் சொன்னாள். செலூனேயின் பூசாரிகள் வந்து, பிள்ளை நல்ல இடத்தில் இருக்கிறது, எழுந்து சாப்பிடு என்றார்களாம். மறுநாள் ராத்திரி ஷாரின் ஆள் ஒருத்தி வந்தாள். விளக்குக்கூட ஏற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “எழுந்திருக்க வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள். விடியும்வரை போகவில்லை.

“இப்போது வலிக்கவில்லை,” என்று முடித்தாள் பூசாரி. “பெயர்கூட ஞாபகமில்லை.”

மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, முதல் கேம்பெயினில் அந்தக் கேள்வியைக் கேட்டவளே, “ஊருக்குப் போய் விசாரித்தால் குழந்தையின் பெயர் கிடைக்கும். இவளிடம் சொல்லலாமா?” என்றாள். சொல்வது இரக்கமா கொடுமையா என்று அன்று ராத்திரி முழுக்க வாதாடினார்கள். பகடையை யாரும் தொடவே இல்லை.