நர்சரியில் வாங்கிய கிறிஸ்துமஸ் மரம்: பெயர் ஃபிர், செடி அரக்கேரியா

மதுரை அழகர்கோவில் சாலையில் உள்ள ஒரு நர்சரியில், மூன்றடிக்குச் சற்றுக் கூடுதலான உயரமுள்ள கிறிஸ்துமஸ் மரத்தைத் தொட்டியோடு சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த விலையில் வாங்கினோம். செடியைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. அதை விற்ற விதத்தைப் பற்றி உண்டு. "அசல் ஃபிர் மரந்தாண்ணே, கொடைக்கானல்ல இருந்து வருது" என்றார் விற்பனையாளர். அது ஃபிர் அன்று, அரக்கேரியா. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், ஃபிர் மரத்துக்குச் சொல்லப்படும் பராமரிப்பை இதற்குச் செய்தால் வேர் அழுகிச் செடி போய்விடும் என்பதுதான்.

ஃபிர் குளிர்ந்த மலைகளின் மரம். ஐரோப்பிய வீடுகளில் பெரிதும் விரும்பப்படும் நார்ட்மன் ஃபிர் காக்கசஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. டென்மார்க்கின் பண்ணைகளில் விதைப்பதற்கான விதை, ஜார்ஜியாவின் அம்ப்ரோலாவுரி வட்டாரத்திலிருந்து பெருமளவில் செல்கிறது. நம் நாட்டிலும் ஃபிர் உண்டு, ஆனால் இமயமலையின் உயரமான சரிவுகளில். கொடைக்கானலில் நாம் பார்த்து மகிழும் பைனும் சைப்ரஸும்கூட வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவையே. ஃபிர் இலை தட்டையானது, அடிப்பக்கத்தில் வெளிர் நிறக் கோடுகள் இரண்டு ஓடும், கிள்ளி எடுத்தால் கிளையில் வட்டமான வழுவழுப்புத் தழும்பு மட்டும் எஞ்சும். அரக்கேரியாவிலோ சிறிய வளைந்த இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, சிறுகிளை முழுவதையும் பின்னிய கயிறு போலக் காட்டும். நம் நர்சரிகளில் விற்கும் அரக்கேரியா வகைகளின் தாயகம் பசிபிக் பெருங்கடலின் நார்ஃபோக் தீவும் நியூ கலிடோனியாவும் ஆகும். 1774இல் அந்த இரு இடங்களையும் கண்ட கேப்டன் குக், இந்த நெட்டை மரங்கள் கப்பலின் பாய்மரத் தண்டுக்கு உதவும் என்று நம்பினார். வெப்பக் கடல் தீவுகளில் வளர்ந்த இனம் என்பதால்தான், டிசம்பரிலும் பகலில் முப்பது டிகிரியை ஒட்டி நிற்கும் மதுரை வெயிலை இது தாங்குகிறது. ஆகவே விற்பனையாளர் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு நட்டம் வந்திருக்காது.

தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். வெட்டிய ஃபிரை வாங்குபவர்கள் கிளையை உள்ளங்கையால் உருவிப் பார்ப்பதும், அடித்தண்டைத் தரையில் தட்டி இலை எவ்வளவு உதிர்கிறது என்று பார்ப்பதும் வழக்கம். தொட்டிச் செடியில் இந்தச் சோதனை அதிகம் உதவாது, ஏனெனில் அரக்கேரியா வேர் அடிபட்ட பிறகும் பல வாரங்களுக்குப் பச்சையாகவே நின்று ஏமாற்றும். பார்க்க வேண்டியது தொட்டியின் அடிப்பாகம். நர்சரிகளில் செடிகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பதால், துளை வழியாக வேர் வெளியேறித் தரையில் இறங்கிவிடுகிறது. விற்கும்போது சடக்கென்று பிடுங்கித் தருவார்கள், முக்கால்வாசி வேர் தரையிலேயே தங்கிவிடும். நான் முதலில் காட்டிய செடியைத் தூக்கச் சொன்னபோது, அது அசையவே இல்லை. பையன் மண்வெட்டியைத் தேடினான். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செங்கல் மேல் வைத்திருந்த வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அடுத்து, செடியைக் கட்டியிருக்கும் மூங்கில் குச்சியிலிருந்து கயிற்றை அவிழ்க்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நடுத்தண்டு தானாக நேராக நின்று, உச்சியில் ஒற்றைக் குருத்து இருந்தால் வாங்கலாம். பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்றாக இருந்தால், அது எத்தனை ஆண்டு ஆனாலும் பக்கவாட்டிலேயே வளரும், மரத்தின் வடிவம் வரவே வராது. கீழ் அடுக்குக் கிளைகள் பழுத்திருந்தாலும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் ஒருமுறை உதிர்ந்த அடுக்கு மறுபடி துளிர்க்காது. இத்தனை சோதனைக்கும் அந்த நர்சரியில் யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதை அவர்களுக்குச் சாதகமாகவே சொல்ல வேண்டும்.

பராமரிப்பில் இரண்டும் நேரெதிர். வெட்டிய ஃபிரின் அடித்தண்டில் ஓரிரு சென்டிமீட்டரைப் புதிதாக அறுத்து, சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் நிறுத்த வேண்டும். தாமதித்தால் வெட்டுவாய் அடைபட்டு, நீர் ஏறாது. பிறகு வெட்டுவாய்க்குக் கீழே நீர்மட்டம் ஒருநாளும் இறங்கக் கூடாது; பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டுக்குச் சுமார் நான்கு லிட்டர் கொள்ளும் தாங்கி தேவைப்படும்; சர்க்கரை, மாத்திரை எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். அரக்கேரியா வேருள்ள செடி. மேல்மண் விரல்நுனி ஆழத்துக்குக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். நர்சரிக்காரர் "டெய்லி ஒரு சொம்பு ஊத்துங்க" என்று சொல்லி அனுப்பியது, சித்திரை வெயிலில் மாடியில் வைத்த செடிக்கு வேண்டுமானால் பொருந்தும். வைகறைப் பனி இறங்கும் மார்கழியில் கூடத்துக்குள் இருக்கும் செடிக்குப் பொருந்தாது. கூடத்தில் வெளிச்சமுள்ள சன்னலருகே, ஏசி காற்றும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத இடத்தில் வைத்து, ஒரே பக்கம் வளைந்துவிடாதபடி வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைத்தால் போதுமானது. இலைகளிடையே மெல்லிய வலை தெரிந்தால் அது செஞ்சிலந்தியின் வேலை. காலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம்.

அலங்காரத்தில் நம்மவர்களின் ஆசைக்கு இந்தச் செடி ஈடுகொடுக்காது. கிளைகள் மெலிந்தவை, கனமான உருண்டைகளைத் தொங்கவிட்டால் அடுக்கே தொய்ந்துவிடும். எல்இடி சீரியல் விளக்கும் காகித மணிகளும் தாங்கும். வெள்ளைப் பனிக்காக அடிக்கும் ஸ்பிரே, ஜிகினாப் பசை இரண்டும் இலைக்குக் கேடு. உச்சியில் ஸ்டாரைக் கட்டும் பழக்கம்தான் மிக மோசமானது, ஏனெனில் குருத்து ஒடிந்தால் மரத்தின் ஒழுங்கே போய்விடும். செடிக்குப் பின்னால் ஒரு குச்சியை ஊன்றி அதில் கட்டிவிட்டால், முன்னால் இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

சவுக்குக் கிளையை ஈரமணல் வாளியில் ஊன்றிப் பஞ்சு ஒட்டுவது கிராமத்து ஆலயங்களில் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் வெட்டிய சில நாட்களிலேயே காய்ந்து உதிரும், காய்ந்த சவுக்கில் விளக்குச் சரத்தைச் சுற்றுவது ஆபத்து. பிளாஸ்டிக் மரத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூவரசர் திருநாள் முடிந்ததும் செடியைப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்கி, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்த பெரிய தொட்டிக்கு மாற்றலாம். தரையில் நடுவதற்கு முன் யோசிக்க வேண்டும், ஏனெனில் தாய்நிலத்தில் இது ஐம்பது மீட்டரைத் தாண்டும் மரம். சென்ட் கணக்கில் வாங்கிய மனையில் சுவரோரம் வைக்கத்தக்கதன்று. இந்தியாவில் பரவலாக உள்ள, குக் பைன் என்ற அரக்கேரியா வகைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அவை நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்வதைக் கண்டறிந்தது. நம் ஊரில் அது தெற்குப் பக்கம். தெற்கே அண்டைவீட்டு ஓட்டுக்கூரை இருந்தால் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது உறவுக்கு நல்லது.

கடைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன், செடிக்கு நான்கு. போக விரும்புபவர்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் விலை ஏறியிருக்கும், செங்கல் வரிசையும் காலியாகி, தரையில் வேரிறங்கிய செடிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.