மண்டையில் சிறு துளை: மரத்துப்போகும் ஊசியா, முழு மயக்கமா?

வயதானவர் ஒருவர் குளியலறையில் வழுக்கித் தலையை இடித்துக்கொள்கிறார். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்து நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு கை வலுவிழக்கிறது. சி.டி. ஸ்கேனில் மூளையின் மேல் பழைய ரத்தம் தேங்கி நிற்பது தெரிகிறது. ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மண்டை ஓட்டில் ஓரிரு துளைகள் இட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள்.

மூளை அறுவைகளில் இது சிறியதுதான். ஆனால் செய்துகொள்கிறவருக்குப் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியிருக்கும். இதயமும் நுரையீரலும் தளர்ந்திருக்கும். அதனால் எந்த மயக்கமுறை என்பதை அறுவைக்குச் சமமான கவனத்தோடு முடிவு செய்ய வேண்டும்.

“பாவம், எதுவும் தெரியாமல் முழுதாக மயக்கிவிடுங்கள்” என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. அந்த இரக்கம் புரிகிறது. ஆனாலும் சொன்னபடி அசையாமல் படுக்கக்கூடிய முதியவருக்கு, மரத்துப்போகும் ஊசியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலிப்பவை தலைத்தோல், எலும்பின் மேலுறை, மூளையைச் சுற்றிய டியூரா என்ற தடித்த உறை. தோலிலும் எலும்பின் மேலுறையிலும் லிக்னோகெயின் அல்லது பூபிவகெயின் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தினால் பெரும்பகுதி வலி அடங்கிவிடும். கூடவே சிறிது அட்ரினலின் சேர்ப்பார்கள். ரத்தக்கசிவு குறையும், மரப்பும் நீடிக்கும். நோயாளி தாமாகவே மூச்சு விடுகிறார். கையை உயர்த்தச் சொல்லி, பேசச் சொல்லி அப்போதைக்கப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

சங்கடங்களும் உண்டு. ஊசி போடும்போது எரியும். துளையிடும் சத்தம் எலும்பு வழியாகவே காதுக்குள் இறங்குவதால் மிகப் பலமாகக் கேட்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது கொடுமை. எலும்பைத் தாண்டியதும் தானாக நின்றுவிடும் துளைக்கருவிகள் இருக்கின்றன. அதையும் எடுத்துச் சொன்னால் பயம் பாதி குறையும்.

பதற்றத்தைத் தணிக்க நரம்பு வழியே லேசான தூக்க மருந்து தருவதுண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் இதற்கு ஏற்றது. மூச்சை அதிகம் மந்தப்படுத்தாது, கூப்பிட்டால் நோயாளி விழித்துக்கொள்வார். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கலாம் என்பதால் கண்காணிப்பு வேண்டும். மிடசோலம் என்ற தூக்க மருந்து, ஃபென்டனில் என்ற வலி மருந்து போன்றவை அளவு மீறினால் மூச்சு குறைந்து, ரத்தத்தில் கரியமில வாயு கூடி, மூளைக்குள் அழுத்தம் ஏறும். அரைத் தூக்கத்தில் குழம்பித் தலையை அசைக்கும் முதியவர்களும் உண்டு. தலை துணிகளுக்கு அடியில் இருக்கும் அந்த நேரத்தில் மூச்சுக்குழாய் போடுவது எளிதல்ல.

முழு மயக்கத்தின் பெரிய பலம் அசைவின்மை. மூச்சுப்பாதை பாதுகாப்பாக இருக்கும். அறுவை நீண்டாலும் கவலையில்லை. விலை என்ன? மயக்கம் தொடங்கும்போது ரத்த அழுத்தம் சரியலாம். மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்ட குழாயை எடுக்கும்போது இருமினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். பின்னர் நுரையீரல் தொற்றும் மனக்குழப்பமும் வர வாய்ப்புண்டு. ஏற்கெனவே நினைவு தடுமாறியவருக்கு அந்தக் குழப்பம் பல நாள் நீளலாம்.

ஆனால் சுயநினைவு மங்கியவர், கட்டுக்கடங்காமல் புரளுபவர், ஓயாமல் இருமுபவர் ஆகியோருக்கு ஊசி மட்டும் போதும் என்று பிடிவாதம் பிடிப்பது தவறு. உறைந்த ரத்தத்தையும் தடித்த சவ்வுகளையும் நீக்க எலும்பையே திறக்க வேண்டியிருந்தால் முழு மயக்கமே வழக்கம்.

ரத்தம் மறுபடி சேருமா என்ற கவலைக்கு மயக்கமுறையைவிட, துளையில் விட்டுவைக்கும் வடிகுழாய் பற்றிக் கேளுங்கள். 2009இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது. வைத்தவர்களில் ஏறத்தாழ 9 சதவீதம் பேருக்குத்தான்.

மரத்துப்போகும் ஊசிதானே என்று காலையில் இட்லி கொடுத்துவிடாதீர்கள். நடுவில் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம். ஆகவே திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி இதற்கும் பொருந்தும். காதுக் கருவி அணிபவரென்றால், அறுவை நடக்காத பக்கத்துக் கருவியைக் கழற்றாமல் விட முடியுமா என்று மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்; அவர் சொல்வது நோயாளிக்குக் கேட்க வேண்டும்.