ஸ்கின்னி லவ்: கனகாலமா போனில கிடக்கிற பாட்டு

போன் ஐவர் (Bon Iver) எண்ட அமெரிக்க இசைக்குழுவின்ர 'ஸ்கின்னி லவ்' பாட்ட கனடாவில இருக்கிற சித்தின்ர மகன்தான் வாட்ஸப்பில அனுப்பினவன், "அண்ணை, லவ் பெயிலியர் ஸ்பெசல்" எண்டு நக்கலா ஒரு வரியும் போட்டு. அந்தக் காதல் கதை முடிஞ்சு எவ்வளவோ காலம், அவளுக்கும் கலியாணம் முடிஞ்சுது, ரெண்டு போனும் மாத்தியாச்சு, பாட்ட மட்டும் இன்னும் அழிக்கேல்ல.

எங்கட சோகப்பாட்டெண்டா வயலின் கூட்டமா அழும், இடையில ஒரு புல்லாங்குழல் வரும். இதில அந்தச் சோடினை ஒண்டும் இல்ல. ஒரு கிற்றார், 'டும் டும்' எண்டு ஒரு தட்டு, ஒரு ஆள். கிற்றாரும் தகரத்தில அடிச்ச மாதிரி கரகரப்பாத்தான் கேக்கும். கிளிநொச்சியில சேர்ச்சில வாசிக்கிற தம்பி ஒருத்தன் சாதாரண ரியூனிங்கில அடிச்சுப் பாத்தான், அந்தச் சத்தம் கிட்டவும் வரேல்ல, பிறகு பாத்தா கீழ இருக்கிற மெல்லிய கம்பி ரெண்டையும் ஒரே சுருதிக்கு வச்சிருக்கிறாங்கள், அதாலதான் அந்த ரீங்காரம்.

போன் ஐவர் எண்ட பேரில பாடின ஜஸ்டின் வெர்னன் அமெரிக்காவில விஸ்கான்சின் ஆள். முந்தி இருந்த பாண்ட் உடைஞ்சு, காதலும் முறிஞ்சு, வருத்தமும் வந்து, 2006 கடைசியில தகப்பன்ர வேட்டைக் குடிலுக்குப் போய் பனிக்காலம் முழுக்க அங்கயே தனிய இருந்தவர், இந்தப் பாட்டு இருக்கிற 'போர் எம்மா, போரெவர் அகோ' ஆல்பத்தில கனக்க அங்க றெக்கோட் பண்ணினதுதான். தன்ர குரலையே ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வச்சிருக்கிறார். ஒரு காதில மட்டும் ஹெட்செற் கொழுவிக் கேட்டா அந்த அடுக்கு விளங்காது, ரெண்டிலயும் போடோணும். மெல்லிய கள்ளக்குரலில தொடங்கி, பொறுமையா இரு எண்டு சொன்னனானே எண்டு வாற இடத்தில குரல் கிழிஞ்சு கத்தலாப் போகும், அதத் திருத்தாம அப்பிடியே விட்டிருக்கினம். எனக்கு பாட்டே அந்த இடந்தான்.

2011இல பேர்டி எண்ட பிள்ளை 14 வயசில பியானோவோட பாடினதும் இருக்கு, வடிவாத்தான் பாடியிருக்கு, ஆனா கோவம் இல்ல, கோவம் இல்லாட்டி இது வெறும் அழுகைப்பாட்டு.

மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போற மினிபஸ்ஸில இதக் கேக்க வெளிக்கிடாதேங்கோ, அவங்கட பாட்டுச் சத்தத்துக்கு நாலு நிமிசம் கூட இல்லாத இந்தப் பாட்டு எங்க தொடங்கி எங்க முடிஞ்சதெண்டே தெரியாது. மாரி மழை தகரக் கூரையில விழேக்கயும் சரிவராது. நெல்லு முத்திற நேரம் பண்டிக்குக் காவல் இருக்கிற இரவுதான் திறம், ஒரு காதையாவது வயலுக்கு விடோணும் எண்டது ஒரு கரைச்சல்.

அந்த ஆல்பத்தின்ர கடைசிப் பாட்டு 'ரீ: ஸ்டாக்ஸ்' மட்டும் இதுக்குக் கிட்ட வரும். பிறகு வந்த ஆல்பங்களில கம்பியூட்டர் சத்தம் கூடிப்போச்சு, சித்தின்ர மகன் அதுகளத்தான் திறம் எண்டு சண்டைக்கு வருவான், நான் ரெண்டு மூண்டு பாட்டோட நிப்பாட்டிப்போட்டன்.