ராணுவத் துவக்கு: வீட்டிலா, கிடங்கிலா?

சுவிஸ் ராணுவத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்த பொடியன் ஸ்டூர்ம்கவேர் 90 துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வேண்டாமென்றால், 2010 முதல், காரணம் சொல்லாமல், காசு கட்டாமல் ராணுவக் கிடங்கில் விடலாம். நான் கிடங்கில் விட்டவன். என் கதை அந்தப் பக்கம்தான் சாயும்.

வீட்டில் வைத்தால் ஒவ்வொரு மீள்பயிற்சிக்கும் கிடங்குக்கு அலையத் தேவையில்லை. ஆபத்துக்கு உதவும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். 50 ரவை அடைத்து முத்திரையிட்ட தகரப்பெட்டியை வீட்டுக்குக் கொடுத்த வழக்கத்தை நிறுத்த 2007இலேயே முடிவெடுத்துவிட்டார்கள்.

எனக்குத் தீர்ப்புச் சொன்னது துவக்கை வீட்டில் பத்திரமாக வைக்கும் பொறுப்பு. ரவையை உள்ளே தள்ளும் பாகமான போல்ட்டைக் கழற்றி வேறாகப் பூட்டிவைக்க வேண்டும். உரிமையில்லாத ஆள் கைக்குத் துவக்கு எட்டக்கூடாது. எங்கள் வீட்டில் அந்த ஆள் அப்பா. அவரிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். துவக்கு வாங்க, வைத்திருக்க, சுடக்கூடத் தடை என்று சுவிஸ் விதி பெயர் சொல்லிக் குறிப்பிடும் நாட்டவர்களில் இலங்கையரும் உண்டு. மகனுக்கு அரசே கையில் கொடுக்கிறது. தகப்பன் தொட்டால் பிழை! பூட்டிவைக்க எங்களுக்கிருப்பது ஒரே நிலவறை, அதன் சாவிக்கொத்தோ அப்பாவின் இடுப்பில். ஆர் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றான் கூடப் பயின்றவன். பார்க்காமலும் விடலாம். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மனிசனை வைத்து அந்தப் பரீட்சை எனக்கு வேண்டாம்.

தனியாக இருப்பவர், சுடும் சங்கத்தில் சேர்ந்தவர் என்றால் வீடுதான் வசதி. சேவை முடிவில் துவக்கைச் சொந்தமாக்க ஆசையிருந்தால் இன்னும் நல்லது. 100 பிராங்தான் விலை, தானியங்கிச் சூட்டை நீக்கித் தருவார்கள். ஆனால் சேவை செய்தேன் என்று கைநீட்டினால் கிடைக்காது. காவல்துறையின் கொள்வனவு அனுமதி வேண்டும். கடைசி மூன்று வருடத்தில் இரண்டு ஒப்லிகட்டோரிஷ் (ராணுவத்தினருக்கான கட்டாயச் சூட்டுப் பயிற்சி), இரண்டு ஃபெல்ட்ஷீசன் (வருடாந்தச் சூட்டு விழா) சுட்ட பதிவும் வேண்டும். முன்னதில் 300 மீற்றரில் 20 ரவை, தேற 42 புள்ளி.

எனக்குச் சேவையிலிருந்து விடுவிப்பு இன்னும் வரவில்லை. கிடங்கில் விட்டவன் அதைக் கடைசியில் சொந்தமாக்க எவ்வளவு அலையவேண்டும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் ஏலாது. அந்த எண்ணம் இருப்பவர்கள் துவக்கை விடக் கையெழுத்துப் போடுமுன் கிடங்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.