பத்தாயிரம் கேம் ஸ்டிக்கா, 21 கேம் மினியா?

டிவியில் செருகினால் உடனே ஆடலாம், கேசட் வேண்டாம், டவுன்லோட் வேண்டாம், கேம் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. இந்த மாதிரி ரெட்ரோ கன்சோல் (பழைய வீடியோ கேம்களை ஆடும் பெட்டி) வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கேம் இருக்கிறது என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பட்டனை அழுத்தினதும் மரியோ குதிக்கிறானா, இல்லை ஒரு நொடி தயங்கிவிட்டுக் குதிக்கிறானா? முதலில் பார்க்க வேண்டியது அது.

பெட்டியில் 4கே என்றும் 10,000 கேம் என்றும் எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ ஸ்டிக்கிலிருந்தே தொடங்கலாம், பலரும் அதில்தான் போய் விழுகிறார்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழு கேமும் சேர்ந்தே 40 கேபிதான். அப்படியிருக்க, பழைய கேம்களை ஆயிரக்கணக்கில் ஒரு மெமரி கார்டில் கொட்டுவது யாருக்கும் பெரிய வேலை இல்லை. எதை வைக்கலாம், எதை விடலாம் என்று பொறுக்குவதுதான் வேலை, அதை யாரும் செய்வதில்லை. ஒரே கேம் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு என்று மூன்று தடவை வரும். கேம் கம்பெனிகளிடம் உரிமம் வாங்கியிருப்பதும் அபூர்வம். 4கே என்பதும் அசல் 256×240 புள்ளிப் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதுதான், புதிதாக எந்த நுணுக்கமும் அதில் வந்துவிடாது.

நான் வைத்திருந்த ஸ்டிக்கில் மரியோ முதல் லெவலையே ஆட முடியவில்லை. முடிவுக்குச் சற்று முன்னால் இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் வருமே, அங்கே விளிம்பில் நின்று குதித்தால் ஒவ்வொரு தடவையும் விழுந்தேன். வயர்லெஸ் கன்ட்ரோலரின் தாமதம், உள்ளே பழைய கன்சோல் போல நடித்துக் கேமை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டரின் தாமதம், டிவியின் தாமதம் மூன்றும் சேர்ந்து விரலுக்கும் திரைக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டன. அரைக்கட்டம் முன்னாடியே அழுத்தப் பழகிக்கொண்டேன். பழகியும் என்ன, நான்கு மாதத்தில் மெமரி கார்டு போய், சேவ் செய்தது எல்லாம் அதோடு போனது.

ஏவி கேபிளில் ஓடும் '620 இன் 1' வகைப் பெட்டிகள் இதைவிடப் பழைய பாணி. ஒரு முழு நிண்டெண்டோ கன்சோலை ஒரே சிப்பில் அடக்கிய குளோன், அதாவது நகல்தான் உள்ளே இருக்கும். தாமதம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சிப்புகள் பலவற்றில் இசையை உருவாக்கும் சதுர அலைகளின் டியூட்டி சைக்கிள் (அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்ற விகிதம்) இடம் மாறியிருக்கும், அதனால் தெரிந்த இசையே வேறு வாத்தியத்தில் கேட்பது போல இருக்கும். அந்த மெட்டுகளோடு வளர்ந்த காது ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். அது போக, இப்போது வரும் டிவிகள் பலவற்றில் ஏவி துளையே இல்லை.

சரி, அசல் கம்பெனிகளே தங்கள் பழைய கன்சோலைச் சின்னதாக்கி மறுபடி விட்ட மினிகளுக்கு வருவோம். 2016 நவம்பரில் வந்த நிண்டெண்டோவின் என்இஎஸ் கிளாசிக்கில் 30 கேம், கன்ட்ரோலர் பிடிக்க அச்சு அசல். ஆனால் அதன் வயர் 75 சென்டிமீட்டர் சுமார்தான், டிவிக்கு முன்னால் தரையில் உட்கார வேண்டியதுதான். காண்ட்ரா தேடினால் முதல் பாகம் இருக்காது, இரண்டாம் பாகமான சூப்பர் சி தான் இருக்கும். அடுத்த வருடம் அதே கம்பெனி விட்ட எஸ்என்இஎஸ் கிளாசிக்கில் கேம் 21 தான், என்றாலும் தனியாக ஆடுபவருக்கு என் தேர்வு இதுதான். சூப்பர் மெட்ராய்ட், செல்டா, யோஷிஸ் ஐலண்ட் என்று பட்டியலில் கை வைத்த இடமெல்லாம் நல்ல கேம், இரண்டு கன்ட்ரோலர், வயரும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். 1990-களில் செய்து முடித்து வெளியிடாமலே வைத்திருந்த ஸ்டார் ஃபாக்ஸ் 2 முதன்முதலாக வெளிவந்தது இதில்தான். ஸ்டார் ஃபாக்ஸின் முதல் கட்டத்தை முடித்தால் திறக்கும். ஒரு குறை, மெனுவுக்குப் போக எழுந்துபோய் ரீசெட் பட்டனை அழுத்த வேண்டும். அப்புறம், உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது, இப்போது புதிது என்று சொல்லி விற்பதில் போலிகளும் கலந்திருக்கின்றன.

இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதாக இருந்தால் சேகா மெகா டிரைவ் மினி. 2019-இல் வந்தது, 42 கேம், எமுலேஷன் வேலை எம்2 நிறுவனத்துடையது. பழைய சேகா கேம்களை இவர்கள் அளவுக்குக் கவனமாக மறுபடி கொண்டுவருபவர்கள் குறைவு. ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2-ஐ இரண்டு பேராக ஆடிப் பாருங்கள், ராத்திரி போவதே தெரியாது. மெனுவில் மொழியை மாற்றினால் சில கேம்களின் பதிப்பே மாறிவிடும். ஜப்பானிய காண்ட்ரா ஹார்ட் கோரில் ஒரே அடியில் உயிர் போகாது, மூன்று அடி தாங்கலாம். ஜப்பானுக்கு வெளியே விற்ற பெட்டியில் மூன்று பட்டன் கன்ட்ரோலர்தான் இருக்கும், அதுதான் இதன் குறை. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பட்டன் வேண்டும். மூன்றை வைத்து ஆடினால் குத்துக்கும் உதைக்கும் மாற ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் பட்டனைத் தட்ட வேண்டும், சண்டைக்கு நடுவே அது நடக்கிற காரியமில்லை. ஆறு பட்டன் கன்ட்ரோலரைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

சோனியின் பிளேஸ்டேஷன் கிளாசிக், 2018. பெயர் எவ்வளவு பெரியதோ ஏமாற்றமும் அவ்வளவு பெரியது. 20 கேமில் 9 கேம் ஐரோப்பாவுக்கான 50 ஹெர்ட்ஸ் பதிப்பு, டெக்கன் 3 உட்பட. நொடிக்கு 60 படம் ஓட வேண்டிய சண்டை கேம் 50-இல் ஓடினால் ஒவ்வொரு அடியும் தண்ணீருக்குள் விழுவது போல இருக்கும். கிராஷ் பாண்டிகூட்டும் இல்லை, கிரான் டுரிஸ்மோவும் இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 7-இல் அசலில் டிஸ்க் மாற்றும் இடம் வந்தால் ஓபன் பட்டனை அழுத்த வேண்டும், அது அழகான யோசனை. அதற்காக மட்டும் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை.

எதை வாங்கினாலும், படம் வந்ததும் டிவி செட்டிங்கில் போய் கேம் மோடைப் போடுங்கள். படத்தை மெருகேற்றுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் தாமதம் பெருமளவு குறையும். போட்டுவிட்டு அதே படிக்கட்டுப் பள்ளத்தில் விளிம்பு வரை ஓடிக் குதித்துப் பாருங்கள்.