முள்ளிலவா, புரசா?

மாசியில் முதுமலைப் பக்கம் போகிறவர்கள், இலையுதிர்ந்த காட்டில் சிவந்து நிற்கும் எல்லா மரங்களையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்காது. பெரும்பாலும் அவை முள்ளிலவும் புரசும்தான். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்!

முள்ளிலவு நெடுமரம். கிளைகள் அடுக்கடுக்காகக் கிடையாக நீளும். இளமரத்தின் தண்டில் கூம்பு முட்கள் இருக்கும். பூ உள்ளங்கை அகலம், தடித்த 5 இதழ்கள், நடுவே மகரந்தத் தாள்களின் கற்றை. தேன் நிறைந்திருப்பதால் மைனா, காகம், கரிச்சான், தேன்சிட்டு என்று விடிந்ததும் ஒரு சந்தையே கூடிவிடும். பூக்கள் முழுதாகத் 'தொப்'பென்று விழும். புள்ளிமான்கள் வந்து அவற்றைத் தின்னும். மரத்தைப் பார்க்கப் போய் அரைக் காட்டையே பார்த்துவிட்டு வரலாம்.

புரசு கோணல்மாணலாக வளரும் சிறுமரம். தொலைவில் தீப்பற்றியது போலத் தெரிந்தாலும் இதன் அழகு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது: வெல்வெட் போன்ற கரும்பழுப்புப் புல்லி, அதிலிருந்து கிளிமூக்காக வளைந்து வரும் செம்மஞ்சள் பூ. பூவிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பார்கள். மூன்று மூன்றாக வரும் இலையைத் தைத்து உண்கலமாக்குவார்கள். சென்னைப் புரசைவாக்கத்தின் பெயரிலும் இந்த மரம்தான் இருக்கிறது.

ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் நான் முள்ளிலவின் அடியில்தான் உட்காருவேன். புரசுக்குச் சாய்ந்த மாலை வெயில் வேண்டும்.