‘இணையம் தேவையில்லை’ என்று விற்ற வழிகாட்டிச் செயலி: பணம் கட்டுமுன் கவனியுங்கள்

இணையம் இல்லாமலே இயங்கும், இந்தியா முழுவதற்கும் வரைபடம் உண்டு, தமிழில் வழி சொல்லும் என்ற விளம்பரத்தை நம்பி, ஒரு ஜிபிஎஸ் செயலிக்கு ஆண்டுச் சந்தாவாக 1,499 ரூபாயை இழந்திருக்கிறேன். குமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதிகளுக்குப் போய்வரும் வேறு எவரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

கீரிப்பாறைப் பக்கம் வீடு கட்டியிருக்கும் சித்தி மகளின் பால்காய்ச்சுக்காக, அம்மாவையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து காலையில் காரில் புறப்பட்டேன். அந்த வழியில் சிக்னல் நிற்காது என்று தெரிந்ததால்தான், ஏழு நாள் இலவசம் என்றிருந்த அந்தச் செயலியை இரண்டு நாள் முன்பே நிறுவி, தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டு வைஃபையில் தரவிறக்கியும் வைத்திருந்தேன். தடிக்காரன்கோணம் வரை குறை ஒன்றுமில்லை. அதைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பாதை பிரியும் ஓரிடத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். செயலி புது வழியைத் தேடத் தொடங்கியது; திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. வண்டி நகர நகர நீலப் புள்ளியும் நகர்ந்தது, ஆனால் அதைச் சுற்றிச் சாலையும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை, வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள்தாம் இருந்தன.

தார் முடிந்து செம்மண் தடம் தொடங்கியபோது, பால் வாளியுடன் எதிரே வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தச் சொன்னார். “மக்களே, இது எஸ்டேட்டுக்குள்ள போற வழியாக்கும். வண்டியத் திருப்புங்க” என்றவர், வாளியை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, பின்சக்கரம் ஓடைக்குள் இறங்கிவிடாதபடி கைகாட்டித் திருப்பியும் விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி முடிந்திருந்தது. அடுப்பருகே நிற்க வேண்டிய மூத்தவர் பெரியம்மாதான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீலப் புள்ளி சரியாகத்தான் நகர்ந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலைகளை வாங்கி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களைக் கொண்டு போன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு இணையம் வேண்டியதில்லை. வரைபடமும், வழியைக் கணக்கிடும் வேலையும் போனுக்குள்ளேயே இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. நான் வாங்கிய செயலியில் பெரிய சாலைகளின் படம் மட்டுமே போனில் இருந்தது. வழியைக் கணக்கிடுவதோ அந்நிறுவனத்தின் சர்வரில். இது விதிமுறைகளின் அடியில் ஒரு வரியாக இருப்பதைப் பின்னர்தான் கண்டேன். விளம்பரத்தில் அந்த வரி இல்லை.

அன்றே செயலியை அழித்துவிட்டேன். அத்துடன் தீர்ந்தது என்று நினைத்ததுதான் என் பிழை. செயலியை அழித்தால் சந்தா நிற்பதில்லை; இலவச நாள்கள் முடிந்ததும் பணம் தானாகவே பிடிக்கப்பட்டுவிடும். பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குச் சென்று ரத்து செய்ய வேண்டும். யுபிஐ செயலியில் ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி, இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இத்தகைய பணப்பிடித்தத்திற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கும் குறுஞ்செய்தி வந்தது, விளம்பரம் என்று கடந்துவிட்டேன். பணம் போனபின் நிறுவனத்துக்கு எழுதினேன். “பரிசீலனையில் உள்ளது” என்று மூன்று முறை பதில் வந்தது. அதற்குள் பிளே ஸ்டோரில் நேரடியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான 48 மணி நேரம் கடந்துவிட்டது. ஆகவே முதல் மணி நேரத்திலேயே பிளே ஸ்டோரிடம் கேளுங்கள், நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

எந்தச் செயலியானாலும் வீட்டிலேயே சோதிக்கலாம். வரைபடத்தைத் தரவிறக்கியபின் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, இதுவரை தேடாத ஊர் ஒன்றுக்கு வழி கேளுங்கள். பின் வண்டியில் ஏறி, அது சொல்லும் வழியை விட்டு வேண்டுமென்றே வேறு தெருவில் திரும்புங்கள். புது வழியை உடனே சொன்னால்தான் அது உண்மையில் இணையம் இன்றி இயங்குகிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலி இச்சோதனையில் தேறியது. அதற்குக் கட்டணமும் இல்லை. கூகுள் மேப்ஸிலும் பகுதியைத் தரவிறக்கிக்கொள்ளலாம், ஆனால் இணையம் இல்லாதபோது போக்குவரத்து நெரிசலைக் காட்டாது. எஸ்டேட் தடங்களைப் பொதுச்சாலை போலக் காட்டும் பிழை எந்த வரைபடத்திலும் நேரலாம் என்பதால், மலையோரம் போகும்போது உறவினரிடம் ஒருமுறை வழி கேட்டுக்கொள்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.